இன்ஜின் போச்சு என்றால் எது போச்சு?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடமான பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், 1,40,000 கி.மீ. ஓடியது. நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது. அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று இன்னும் ஏழெட்டு கி.மீ. ஓட்டியிருக்கிறீர்கள். வண்டி இழுக்காமல் திணறி நின்றுவிட்டது. ஒரு மெக்கானிக் "இன்ஜின் போச்சு, வேற இன்ஜின் மாத்திடுங்க" என்கிறார். இன்னொருவர் "ஹெட் வேலை பார்த்தா போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இருவருமே இன்னும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. இன்ஜின் பிரித்துக் கட்டும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வெளியே நின்று பார்த்து "போச்சு" என்று நான் துணிந்து சொல்வது ஒரே ஒரு நிலையில்தான்: கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே தெரியும்போது. மற்ற எல்லாவற்றுக்கும் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும்.

இன்ஜினை மூன்று மாடி வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஹெட்: வால்வுகள், அவற்றைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். நடுவில் பிளாக்: சிலிண்டர், அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றிய ரிங். கீழே பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க், அதன் பேரிங்குகள். சேதம் மேல்மாடியோடு நின்றிருந்தால் அநேகமாக ரிப்பேர்தான் சரி. நடு மாடிக்கு இறங்கியிருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கீழ் மாடி வரை போயிருந்தால் மாற்றுவது பக்கம் தராசு சாயத் தொடங்கும். எந்த மாடி வரை போயிருக்கிறது என்று தெரியாமல் ரிப்பேரா மாற்றமா என்று பேசுவது வீண் பேச்சு.

முதலில் இன்ஜின் சுற்றுகிறதா என்று பாருங்கள். சாவி போட்டு அல்ல. ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பாதி நிம்மதி. சுற்றும்போது பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சினால் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டோ (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) ஹெட்டோ போயிருக்கிறது என்று அர்த்தம். அசையவே இல்லையென்றால் சீஸ் ஆகியிருக்கலாம், அதாவது உள்ளே இறுகிப் பிடித்திருக்கலாம். அதை நீள ராடு போட்டு முறுக்கி "விடுவித்து" ஸ்டார்ட் செய்து காட்டுபவர்கள் உண்டு. ஸ்டார்ட் ஆகவும் செய்யும். ஆனால் பிஸ்டன் சுவரோடு ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வந்த இடம் அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது ஆயில். டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறத்தில் வந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைக் களிம்பு இருந்தால் பதற வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஆவி படிந்து அப்படி ஆவதுண்டு. என் வழக்கம் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது. மேல் தகட்டை வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளைப் பிரித்து ஒரு வெள்ளைத் துணியில் விரித்து வெயிலில் காட்டுவேன். நல்ல இன்ஜினின் ஃபில்டரில் கறுப்பு எண்ணெய் மட்டும் இருக்கும், எங்கேயாவது ஒன்றிரண்டு பொடி மின்னலாம். மடிப்புக்கு மடிப்பு ஜிகினா தூவியது போல மின்னினால் கீழ் மாடியில் ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு காந்தத்தை மேலே காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு: கேம், கிராங்க், ரிங் இவற்றில் ஏதோ ஒன்று. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் மேல்பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு வந்துவிட்டது. பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமலேயே லட்சக்கணக்கில் எஸ்டிமேட் எழுதுகிறார்கள்.

பிறகு கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று பார்ப்பது. பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 10 முதல் 14 பார் வரை காட்டும். தயாரிப்பாளர் கொடுத்த எண்தான் கடைசி வார்த்தை. அந்த எண்ணைவிட நான் கவனிப்பது சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம். மிகக் குறைந்தது, மிக உயர்ந்ததில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் கசிவு, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். காற்றை உள்ளே செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் இதைவிடத் துல்லியம். சைலன்சரில் சத்தம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

இவ்வளவும் ஹெட்டைத் தொடாமலே செய்யக்கூடியவை.

இப்போது உங்கள் வண்டி. சூடேறிப் போன இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் "ஹெட் வேலை போதும்" என்ற பேச்சு அதிகம் ஏமாற்றும். ஹெட் பெரும்பாலும் அலுமினியம், அது சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதை போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். விரிய இடமில்லாமல் ஹெட் வளையும். வளைந்த ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கெட் பிடிப்பை இழக்கும். அங்கே நெருப்பும் தண்ணீரும் வழி கண்டுபிடித்துவிடும்.

ஹெட் கழன்று வந்ததும் அதைக் கவிழ்த்து, துடைத்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேர் பட்டையை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்ற, தடிமன் குறித்த மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்போம். நான்கு சிலிண்டர் ஹெட்டுக்கு பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் வளைவு சுமார் 0.05 மி.மீ. நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிமனில் பாதி. அந்தத் தகடு உங்கள் கண் முன்னால் வழுக்கிக்கொண்டு உள்ளே போவதை நீங்களே பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் அதன்பின் யாரும் உங்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேசிங் (சீவித் தட்டையாக்குவது) செய்யலாம். ஆனால் மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு சீவ அனுமதி உண்டு, இதற்கு முன் யாராவது சீவியிருக்கிறார்களா என்பது ஒன்று. இரண்டாவது, கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் இன்ஜின்களில் ஹெட் வளைந்தால் கேம் உட்காரும் வரிசையும் வளையும். அடிப்பக்கத்தைச் சீவினால் அடி மட்டும் தட்டையாகும், மேலே வளைவு அப்படியே இருக்கும். வால்வு இல்லாமல் கேமை மட்டும் வைத்து மூடிகளை முறைப்படி இறுக்கி விரலால் சுற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். மூன்றாவது பலரும் பார்க்காதது. அலுமினியக் கலவை பதப்படுத்திய உலோகம். ஒரு அளவுக்கு மேல் காய்ந்தால் பதம் போய் மெத்தென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட ஹெட்டை எவ்வளவு அழகாகச் சீவி மாட்டினாலும் போல்ட் இறுக்கம் நிற்காது, சில மாதத்தில் மறுபடி கேஸ்கெட் போகும். நல்ல லேத் பட்டறையில் ஹார்ட்னஸ் பார்த்துச் சொல்வார்கள். பதம் போன ஹெட்டுக்குச் செலவு செய்யாதீர்கள், வேறு ஹெட் தேடுங்கள்.

ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் இதேபோல் சூடேறிய ஒரு வண்டிக்கு ஹெட்டைச் சீவி, வால்வு கிரைண்டிங் செய்து, புது கேஸ்கெட் போட்டுக் கொடுத்தேன். ஸ்டார்ட் ஆனதும் தையல் மிஷின் மாதிரி ஓடியது. மூன்று மாதம் கழித்து ஓனர் வந்தார். ஆயில் குடிக்கிறது, காலையில் நீலப் புகை. பிரித்தால் ரிங்குகள் சூட்டில் விறைப்பு இழந்து கிடந்தன, கையால் அழுத்தினால் திரும்பி விரிய மனமில்லாமல். ஹெட் திறந்திருந்த அன்று சிலிண்டர் சுவரை ஒழுங்காகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் இரண்டு முறை லேபர் கொடுக்க வேண்டிய நிலை, இரண்டாவது முறை நான் வாங்கவில்லை. அதற்குப் பிறகு சூடேறிய எந்த இன்ஜினிலும் சிலிண்டரைப் பார்க்காமல் ஹெட்டை லேத்துக்கு அனுப்புவதில்லை.

சிலிண்டரில் பார்க்க வேண்டியது: சுவரில் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய ஹோனிங் கோடுகள் இன்னும் தெரிகின்றனவா, செங்குத்தாகக் கீறல் இருக்கிறதா. நகத்தால் குறுக்கே தடவுங்கள். நகம் மாட்டினால் லேசாக உரசும் ஹோனிங் மட்டும் போதாது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் செய்ய வேண்டும். போரிங் செய்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்க வேண்டும். இங்கேதான் பல புது மாடல்கள் கைவிரிக்கின்றன. சில கம்பெனிகள் ஓவர்சைஸ் பிஸ்டனே விற்பதில்லை. சில அலுமினிய பிளாக்குகளில் சிலிண்டர் சுவர் தனிப் பூச்சு பூசியது, சாதாரண போரிங் வேலைக்கு ஒத்துவராது. பிரிப்பதற்கு முன்பே உங்கள் இன்ஜினுக்கு ஓவர்சைஸ் கிடைக்குமா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காது என்றால் நடு மாடிச் சேதமே மாற்றத்துக்குப் போதுமான காரணம்.

கீழ் மாடிக்கும் நகச் சோதனைதான். பேரிங் மூடியைக் கழற்றி கிராங்கின் ஜர்னலில் (பேரிங்குக்குள் சுற்றும் பகுதி) நகத்தை ஓட்டுங்கள். கண்ணாடி போல வழுக்கினால் மைக்ரோமீட்டரில் அளந்து புது பேரிங் போட்டால் முடிந்தது. கோடு கோடாக மாட்டினால் கிரைண்டிங், அதற்குத் தகுந்த அண்டர்சைஸ் பேரிங். ஜர்னல் நீலம் பாரித்திருந்தால் அது சூட்டில் வெந்த கிராங்க், அதன்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மற்ற வகைச் சேதங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் இன்னொருவருக்கு ஆகும். கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும் வகை இன்ஜின்கள் உண்டு, மோதாத வகையும் உண்டு. மோதினாலும் பெரும்பாலும் வால்வுகள் வளைந்து, பிஸ்டன் தலையில் பிறை மாதிரி ஒரு தழும்போடு முடியும். ஹெட்டைத் தூக்கிப் பார்க்காமல் இதற்கு முழு இன்ஜின் கேட்பவரிடம் வண்டியை விடாதீர்கள். வெள்ளத்தில் ஓட்டி தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டது வேறு கதை. தண்ணீர் அமுங்காது, எனவே கனெக்டிங் ராட் வளையும். வஞ்சகமான சேதம் இது: தண்ணீரை வெளியேற்றி உலர்த்தினால் வண்டி ஓடும், லேசாக வளைந்த ராட் சில வாரமோ சில மாதமோ தாக்குப்பிடித்து, ஒரு நாள் ஒடிந்து பிளாக்கை உடைக்கும். நான்கு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அளந்து பார்ப்பதுதான் வழி. ஒன்று அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் அந்த ராடை மாற்றியே ஆக வேண்டும், நிமிர்த்துவதெல்லாம் கூடாது. ஆயில் இல்லாமல் ஓடி, உள்ளே டொக் டொக் என்று கட்டைச் சத்தம் வந்த இன்ஜின்தான் எல்லாவற்றிலும் மோசம். அந்தச் சத்தம் கேட்டபிறகும் ஓட்டிய ஒவ்வொரு கி.மீ.யும் கிராங்கைத் தின்றிருக்கும்.

சரி, மாற்றுவது என்று முடிவானால் எதை மாற்றுவது? "வேற இன்ஜின்" என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து சரக்கு இருக்கிறது. ஹாஃப் இன்ஜின் என்றால் பிளாக், கிராங்க், பிஸ்டன் வரை. உங்கள் ஹெட் நன்றாக இருந்தால் அதையே மேலே மாட்டலாம். ஹெட்டோடு சேர்ந்து வருவது முழு இன்ஜின். பிறகு ரீகண்டிஷன் செய்தது, விபத்து வண்டியிலிருந்து எடுத்த செகண்ட் ஹேண்ட், கம்பெனியின் புத்தம் புதியது.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மலிவு, சீக்கிரம் வேலை முடியும். நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். ஆனால் அதன் ஜாதகம் உங்களுக்குத் தெரியாது. தரையில் கிடக்கும்போதே கம்ப்ரெஷன் பார்க்கலாம், ஆயில் சம்ப்பைக் கழற்றி அடியில் பார்க்கலாம். பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். இன்ஜினின் வகையைச் சொல்லும் குறியீடு (இன்ஜின் கோட்) எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலில் வருடம் மாறினால் சென்சாரும் ஒயரிங்கும் மாறியிருக்கும். மாட்டுவதற்கு முன் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பின்பக்க கிராங்க் ஆயில் சீல் இவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். வெளியே இருக்கும்போது கை எட்டும் வேலை, உள்ளே போனபின் மறுபடி இறக்க வேண்டிய வேலை. வாரண்டி கேட்கும்போது பொருளுக்கு மட்டுமா, இறக்கி ஏற்றும் லேபருக்கும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். பதிவுச் சான்றில் இன்ஜின் எண் இருந்தால் அதையும் மாற்றிப் பதிய வேண்டும், பில் இல்லாத இன்ஜின் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ரீகண்டிஷன் என்ற சொல்லை நம்பாதீர்கள், அளவுத் தாளைக் கேளுங்கள். எந்த சைஸ் பிஸ்டன், கிராங்க் எவ்வளவு கிரைண்ட் ஆனது, பேரிங் இடைவெளி எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க முடிந்தவர் உண்மையில் வேலை செய்திருக்கிறார். வெளியே சில்வர் பெயின்ட் அடித்தவருக்கு எழுத ஒன்றும் இருக்காது.

பணக் கணக்குக்கு வருகிறேன். "வண்டி மதிப்பில் பாதிக்கு மேல் செலவானால் விட்டுவிடு" என்று ஒரு விதி சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. இப்படிப் பாருங்கள்: உங்கள் கார் நன்றாக ஓடினால் 100 பங்கு விலை போகும் என்று வையுங்கள். இப்படியே நின்ற நிலையில் விற்றால் 30 பங்கு கிடைக்கும். ரிப்பேருக்கு 50. முப்பதும் ஐம்பதும் எண்பது, நூறுக்குள் வந்துவிட்டது, செய்யலாம். மாற்று இன்ஜினுக்கு 85 ஆகும் என்றால் 115, விலைக் கணக்கில் நஷ்டம். ஆனாலும் சிலருக்கு அதுவும் சரியாக இருக்கும்: கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பாடி எல்லாம் நன்றாக இருந்து இன்னும் ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அதே 100 பங்குக்கு வாங்கும் இன்னொரு பழைய கார் எந்த நோயோடு வரும் என்று யாருக்குத் தெரியும்? அடித்தட்டு துருப்பிடித்து, கியர் வழுக்கும் காருக்குப் புது இன்ஜின் போடுவது மட்டும் வேண்டாம். எந்த எஸ்டிமேட்டிலும் கால் பங்கு கூட்டிக் கணக்குப் போடுங்கள். என் சொந்த எஸ்டிமேட்டுக்கும் இது பொருந்தும்.

ரிப்பேரோ மாற்றமோ, வண்டி ஏன் சூடேறியது என்று கண்டுபிடிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் சுற்றவில்லையா, வாட்டர் பம்ப் இறக்கை தேய்ந்ததா, ஹோஸ் வெடித்ததா, தெர்மோஸ்டாட் மூடியபடி நின்றதா? ஒரு கேள்வி: முள் சிவப்புக்குப் போனபின் திடீரென்று கீழே இறங்கியதா? இறங்கியிருந்தால் அது குளிர்ந்ததால் அல்ல. கூலன்ட் முழுக்கக் காலியாகி சென்சார் வெறும் காற்றில் நின்றிருக்கும். அப்படியென்றால் நீங்கள் ஓட்டிய ஏழெட்டு கி.மீ.யின் பெரும்பகுதி தண்ணீரே இல்லாமல், சிலிண்டர் சேதத்துக்கு வாய்ப்பு கூடுதல். இதேபோல் பேரிங் தேய்ந்து போன இன்ஜினை மாற்றும்போது பழைய ஆயில் கூலரையும் டர்போ ஆயில் குழாயையும் அப்படியே மாட்டினால், உள்ளே தங்கிய உலோகப் பொடி புது இன்ஜினின் முதல் சாப்பாடாகிவிடும்.

உங்கள் வண்டிக்கு என் கணிப்பு: இன்ஜின் கையால் சுற்ற வந்து, ஃபில்டரில் ஜிகினா இல்லாமல் இருந்தால் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள், அந்த லேபருக்கு மட்டும் முதலில் பேசுங்கள். சிலிண்டர் சுவர் சுத்தமாக இருந்து, ஹெட் அனுமதித்த அளவுக்குள் சீவக்கூடியதாக, பதம் போகாமல் இருந்தால் ஹெட் வேலையோடு புது ரிங் செட்டும் சேர்த்துப் போடுங்கள், 1,40,000 கி.மீ. ஓடிச் சூடேறிய இன்ஜினுக்கு பழைய ரிங்கை நான் நம்பமாட்டேன். பிளாக்கின் மேல்தளத்தையும் அதே ஸ்ட்ரெய்ட் எட்ஜால் அளக்கச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை மட்டும் பயன்படும் வகை என்றால் புதியவை வேண்டும். சுவரில் நகம் மாட்டினால், ஓவர்சைஸ் பிஸ்டனும் கிடைக்காவிட்டால், முதல் மெக்கானிக் சொன்னதுதான் சரி, அளவுத் தாளோடு வரும் ஹாஃப் இன்ஜினைத் தேடுங்கள்.

இரண்டு பட்டறைக்கும் ஒருமுறை போய் போர் கேஜும் (சிலிண்டர் விட்டம் அளப்பது) டார்க் ரெஞ்சும் (போல்ட்டை அளவாக இறுக்குவது) இருக்கின்றனவா, அவற்றில் கைப்பட்ட அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே அப்படி இருக்கிறதோ வேலையை அங்கே கொடுங்கள். கழற்றிய ஹெட் லேத்துக்குப் போகும் முன் உங்களுக்கு போன் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். போய் நின்று அந்த 0.05 தகட்டை நீங்களே ஒருமுறை நுழைத்துப் பாருங்கள்.